கோவிலம்பாக்கம் சென்னையா, செங்கல்பட்டா? ஒரு சான்றிதழுக்கு அலையும் கதை

மேடவாக்கம்ரோடு (இழையைத் தொடங்கியவர்) | திங்கள், இரவு 9.12

எல்லாருக்கும் வணக்கம். கேள்வி சின்னதுதான், ஆனால் மூன்று நாளாக மண்டை காய்கிறது. எங்கள் வீடு கோவிலம்பாக்கத்தில், கீழ்க்கட்டளை சந்திப்பிலிருந்து மேடவாக்கம் பக்கம் பத்து நிமிட நடை. கூரியரில் சென்னை என்றுதான் வருகிறது, பின்கோடு 600-ல் ஆரம்பிக்கிறது, லேண்ட்லைன் இருந்த காலத்தில் 044. ஆதாரில் மட்டும் காஞ்சிபுரம் மாவட்டம், அது 2014-ல் எடுத்தது. பெண்ணைப் பள்ளியில் சேர்க்க இருப்பிடச் சான்று கேட்டார்கள். இ-சேவை மையத்தில் மாவட்டம் எது என்றதும் யோசிக்காமல் சென்னை என்று சொல்லிவிட்டேன். கிராமப் பட்டியலில் கோவிலம்பாக்கம் என்ற பெயரே வரவில்லை. கம்ப்யூட்டரில் இருந்த பையன் "பக்கத்து ஊர் ஏதாச்சும் சொல்லுங்க சார்" என்றான், மடிப்பாக்கம் என்று போட்டோம். நாலு நாள் கழித்து நிராகரிப்பு, முகவரி இந்த எல்லைக்குள் வராதாம். எந்த அலுவலகம் என்று இங்கே எழுதப் போவதில்லை, அவர்கள் மேல் தப்பும் இல்லை.

நான் எந்த மாவட்டம் என்று யாராவது சொல்லுங்கள். சென்னை எங்கேதான் முடிகிறது என்பதையும் தெரிந்தவர்கள் சொன்னால் நல்லது, மாமனார் கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

மாம்பலம்பாலு | திங்கள், இரவு 9.20

செங்கல்பட்டு. அவ்வளவுதான். மாமனாருக்குக் கிண்டியோடு சென்னை முடிந்துவிட்டது என்று சொல்லிவிடுங்கள்.

ஓஎம்ஆர்ஆசாமி | திங்கள், இரவு 9.31

பாலு சார் பழைய கணக்கில் இருக்கிறார். சென்னைப் பெருநகர எல்லையை 2022-லேயே 5,904 சதுர கிலோமீட்டர் ஆக்கிவிட்டார்கள். கோவிலம்பாக்கம் என்ன, அதைத் தாண்டி எங்கேயோ இருப்பதெல்லாம் சென்னைதான். மேடவாக்கம்ரோடு, நீங்கள் அடித்துப் பேசியிருக்க வேண்டும்.

ரிட்டயர்டுஆர்ஐ | திங்கள், இரவு 10.05

அடித்துப் பேசியிருந்தால் இன்னொரு தடவை நிராகரித்திருப்பார்கள், வேறொன்றும் நடந்திருக்காது. ஓஎம்ஆர் தம்பி, கோபித்துக்கொள்ளாதீர்கள், இந்தக் குழப்பம் உங்களுக்கு மட்டும் இல்லை. வருவாய்த் துறையில் 31 வருஷம் குப்பை கொட்டியவன் நான். அதில் பாதி வருஷம் "சார், நான் சென்னைதானே?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லியே போனது.

நீங்கள் சொல்லும் 5,904 சி.எம்.டி.ஏ. எல்லை, அதாவது சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் எல்லை. எங்கே வீடு கட்டலாம், எங்கே தொழிற்சாலை வரலாம், ரோடு எத்தனை அடி விடவேண்டும் என்று திட்டம் போடுவதற்கான கோடு அது. முதலில் 1,189 ச.கி.மீ. இருந்தது, அதில் சென்னை மாவட்டத்தின் பங்கு 176 மட்டும்தான், மற்றதெல்லாம் அன்றைய திருவள்ளூரும் காஞ்சிபுரமும். 2018-ல் 8,878 ச.கி.மீ. வரை, அரக்கோணத்தையும் சேர்த்து, பெரிதாக்கலாம் என்று ஒரு யோசனை வந்தது. கடைசியில் 2022 அக்டோபரில் 5,904-ல் நின்றது. இதில் ராணிப்பேட்டை மாவட்டத்தின் ஒரு பகுதிகூட வருகிறது. அதற்காக அரக்கோணம் பக்கத்துக்காரர் சென்னை தாசில்தாரிடம் சாதிச் சான்று கேட்டு நிற்க முடியாது.

சான்றிதழ் வேண்டுமானால் பார்க்க வேண்டியது வருவாய் எல்லையை. மாவட்டம், அதற்குள் கோட்டம், வட்டம், குறுவட்டம், கடைசியில் வருவாய் கிராமம். கிராமம் என்றதும் நாற்றும் நெல்லும் ஞாபகம் வர வேண்டாம். சுற்றிலும் அடுக்குமாடியாக நிற்கும் இடமும் வருவாய்க் கணக்கில் கிராமம்தான்.

உங்கள் கதையில் நடந்தது இது. 2011 அக்டோபரில் சென்னை மாநகராட்சி 174 ச.கி.மீ.யிலிருந்து 426 ஆனது. 9 நகராட்சி, 8 பேரூராட்சி, 25 ஊராட்சி, மொத்தம் 42 உள்ளாட்சிகளை இழுத்துச் சேர்த்து 200 வார்டு, 15 மண்டலம் ஆக்கினார்கள். ஆனால் சென்னை மாவட்டம் அப்படியே பழைய அளவில் நின்றுவிட்டது. ஏழு வருஷம் இந்தக் கூத்து. அம்பத்தூர்காரர் வீட்டு வரியைச் சென்னை மாநகராட்சிக்குக் கட்டுவார், வருமானச் சான்றுக்குத் திருவள்ளூர் மாவட்டம். சோழிங்கநல்லூர்காரர் குப்பையைச் சென்னை லாரி அள்ளும், பட்டாவுக்குக் காஞ்சிபுரம் மாவட்டம். 2018 ஆகஸ்டில்தான் மாவட்டத்தையும் 426-க்குப் பெரிதாக்கி, திருவொற்றியூர், மாதவரம், அம்பத்தூர், மதுரவாயல், ஆலந்தூர், சோழிங்கநல்லூர் வட்டங்களை உள்ளே கொண்டுவந்து 16 வட்டம் ஆக்கினார்கள்.

அந்த 25 ஊராட்சியில் மடிப்பாக்கம் இருந்தது, கோவிலம்பாக்கம் இல்லை. அதனால் மடிப்பாக்கம் சென்னை மாவட்டத்துக்குள் போனது, நீங்கள் காஞ்சிபுரத்திலேயே இருந்தீர்கள். அப்புறம் 2019 நவம்பர் 29-ல் காஞ்சிபுரத்தைப் பிரித்துச் செங்கல்பட்டு மாவட்டம் உண்டாக்கினார்கள், அதில் போய்விட்டீர்கள். ஆதாரில் காஞ்சிபுரம் என்று இருப்பது அன்றைய தேதிக்குச் சரியானதுதான். திரும்பவும் விண்ணப்பம் போடுங்கள், மாவட்டம் செங்கல்பட்டு என்று தேர்ந்தெடுங்கள், பட்டியலில் கோவிலம்பாக்கம் தானாக வரும்.

மேடவாக்கம்ரோடு | திங்கள், இரவு 10.22

ஐயா, ரொம்ப நன்றி. இவ்வளவு தெளிவாக யாரும் சொன்னதில்லை. எங்கள் தெருமுனையில் நின்றால் மடிப்பாக்கம் தெரிகிறது. அங்கே சென்னை, இங்கே செங்கல்பட்டு. நடுவில் ஒரு டீக்கடை. அந்த டீக்கடை எந்த மாவட்டம் என்று நாளைக்கே கேட்கப் போகிறேன்.

பள்ளிக்கரணைபத்மா | திங்கள், இரவு 10.48

டீக்கடையை விடுங்கள், என் கதையைக் கேளுங்கள். வீடு பள்ளிக்கரணை, சென்னை மாநகராட்சி, மண்டலம் 14 பெருங்குடி. மாவட்டம் சென்னை, வட்டம் சோழிங்கநல்லூர். ஆர்ஐ ஐயா சொன்னபடி எல்லாம் சரியாக உள்ளே வந்துவிட்டோம். ஆனால் போன வருஷம் ஸ்கூட்டி காணாமல் போனபோது சென்னை போலீசிடம் போக முடியாது, எங்களுக்குத் தாம்பரம் காவல் ஆணையரகம். 2022 ஜனவரியில் சென்னை போலீஸிலிருந்து தாம்பரம், ஆவடி என்று இரண்டு ஆணையரகத்தைப் பிரித்தார்களே, அதில் எங்களைத் தாம்பரத்தில் போட்டுவிட்டார்கள். காணாமல் போன வண்டியின் நம்பர் டி.என். 14, அது சோழிங்கநல்லூர். ஓட்டுப் போடுவது சோழிங்கநல்லூர் சட்டமன்றத் தொகுதி, எம்.பி. தென்சென்னை. ஆனால் 2021 சட்டமன்றத் தேர்தலில் எங்கள் தொகுதி செங்கல்பட்டு மாவட்டக் கணக்கில் இருந்தது! ஒரே வீட்டில் உட்கார்ந்துகொண்டு சென்னை, தாம்பரம், செங்கல்பட்டு மூன்றும் நான்தான்.

வண்டி கிடைத்துவிட்டது. யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன்.

அம்பத்தூர்லேத் | திங்கள், இரவு 11.10

நாங்களும் அப்படித்தான் அக்கா. மாநகராட்சி சென்னை, மண்டலம் 7. மாவட்டம் சென்னை. போலீஸ் ஆவடி. எம்.பி. தொகுதி ஸ்ரீபெரும்புதூர்! அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் பட்டறை வைத்திருப்பவனுக்கும் ஸ்ரீபெரும்புதூர் கார் கம்பெனிக்காரனுக்கும் ஒரே எம்.பி. மதுரவாயல், ஆலந்தூர், பல்லாவரம், தாம்பரம் எல்லாம் அந்த ஒரே தொகுதியில். மேப்பில் பார்த்தால் சென்னையின் மேற்கே ஒரு அரைவட்டம் போட்ட மாதிரி இருக்கும்.

ரிட்டயர்டுஆர்ஐ | செவ்வாய், காலை 6.40

தொகுதி எல்லைகள் 2008 மறுவரையறையில் போட்டவை. அன்றைக்கு அம்பத்தூரும் மதுரவாயலும் திருவள்ளூர் மாவட்டம், ஆலந்தூரும் சோழிங்கநல்லூரும் காஞ்சிபுரம் மாவட்டம். மாவட்டம் மாறினாலும் தொகுதி மாறாது. அதனால்தான் 2021-ல் சென்னை மாவட்டத் தொகுதிகள் என்று 16-ஐ மட்டும் எண்ணினார்கள். ஆலந்தூர் இன்னும் காஞ்சிபுரம் மாவட்டத் தேர்தல் கணக்கில் இருந்தது. மெட்ரோ இறங்கி நடக்கும் ஆலந்தூர், காஞ்சிபுரம் கணக்கில்! நானே தேர்தல் பணியில் இருந்தபோது இதை விளக்கி விளக்கித் தொண்டை வறண்டிருக்கிறது.

ராயபுரத்தான் | செவ்வாய், காலை 7.15

இந்தத் தொல்லையே எங்களுக்குக் கிடையாது. நாங்கள் ராயபுரம். எந்தக் கோடு போட்டாலும் உள்ளேதான் இருப்போம். மாவட்ட ஆட்சியர் அலுவலகம்கூட ராஜாஜி சாலையில், சைக்கிளில் போய்விடலாம். நீங்கள்தான் ஊருக்கு வெளியே வீடு வாங்கிவிட்டு நாங்களும் சென்னை நாங்களும் சென்னை என்று அழுகிறீர்கள்.

மாம்பலம்பாலு | செவ்வாய், காலை 7.30

ராயபுரத்தாருக்கு ஒரு சலாம். ஆனால் வடக்கேயும் வேடிக்கை உண்டு. வடசென்னை அனல்மின் நிலையம் என்று பெயர் வைத்திருக்கிறார்களே, அது இருப்பது அத்திப்பட்டு, திருவள்ளூர் மாவட்டம். சாம்பல் கொட்டியது எண்ணூர்ப் பக்கம், பெயர் வடசென்னைக்கு.

ராயபுரத்தான் | செவ்வாய், காலை 7.42

அதைச் சொல்லாதீர்கள் சார், வயிறு எரிகிறது. எண்ணூர்க் கழிமுகத்தில் மீன் பிடித்தவர்களிடம் மாவட்டம் எது என்று கேட்டால் அடிக்க வருவார்கள்.

கல்வெட்டுக்கிறுக்கன் | செவ்வாய், காலை 9.55

இந்த இழையை இப்போதுதான் பார்த்தேன், பழைய விஷயம் கொஞ்சம் சேர்க்கிறேன், அலுப்பாக இருந்தால் தாண்டிப் போய்விடுங்கள். சென்னை என்ற ஊர் எப்போதுமே துண்டு துண்டாக ஒட்டி வளர்ந்ததுதான். 1639-ல் கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கிடைத்தது கடலோரம் ஒரு சின்னப் பட்டினம். எழும்பூர், புரசைவாக்கம், தண்டையார்பேட்டை 1693-ல். 1708-ல் திருவொற்றியூர், நுங்கம்பாக்கம், வியாசர்பாடி, கத்திவாக்கம், சாத்தங்காடு என்று ஐந்து கிராமம். திருவொற்றியூரும் கத்திவாக்கமும் 1708-லேயே கம்பெனி சென்னையின் கையில் வந்தவை, பிறகு தனி நகராட்சிகளாகி வெளியே நின்றன, 2011-ல் திரும்பவும் மாநகராட்சிக்குள் வந்தன. 300 வருஷம் கழித்து வீடு திரும்பிய பிள்ளை மாதிரி.

அதற்கும் முன்னால் இந்தப் பக்கமெல்லாம் தொண்டை மண்டலம். 24 கோட்டம் என்று பிரித்துச் சொல்வார்கள், ஒவ்வொரு கோட்டத்துக்குள்ளும் நாடுகள். கோடம்பாக்கத்துப் புலியூரின் பெயரில் புலியூர்க் கோட்டம் இருந்தது, புழல் பெயரில் புழல் கோட்டம். இன்றைக்குப் புலியூர் என்று கேட்டால் ஆட்டோக்காரர் கரூர்ப் பக்கம் போகச் சொல்வார்.

இன்னொன்று, ஆர்ஐ ஐயாவுக்குத் தெரிந்திருக்கும். பழைய செங்கல்பட்டு ஜில்லாவின் கலெக்டர் உட்கார்ந்திருந்தது செங்கல்பட்டில் இல்லை, சைதாப்பேட்டையில். 1859-லிருந்து 1968 வரை அங்கேதான், அதன்பிறகு காஞ்சிபுரம் போனது. செங்கல்பட்டு ஜில்லாவை இன்றைய சென்னைக்குள் உட்கார்ந்துகொண்டு ஆண்டார்கள். மேடவாக்கம்ரோடு இன்றைக்குச் செங்கல்பட்டுக்கு அலுத்துக்கொள்கிறார், அன்றைக்கு இருந்திருந்தால் செங்கல்பட்டு ஜில்லா வேலைக்குச் சைதாப்பேட்டை வந்திருப்பார்.

சித்தாலப்பாக்கம்மனை | செவ்வாய், காலை 11.20

கல்வெட்டு அண்ணே, அதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். எங்கள் மனையின் தாய்ப்பத்திரத்தில் "செங்கல்பட்டு ஜில்லா, சைதாப்பேட்டை தாலுகா" என்று மை மங்கிய எழுத்தில் இருக்கிறது. என் மாமா வாங்கிய பத்திரத்தில் "செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டம்". அவரிடமிருந்து நான் வாங்கியபோது "காஞ்சிபுரம் மாவட்டம்", ஏனென்றால் 1997-ல் செங்கையைக் காஞ்சிபுரம், திருவள்ளூர் என்று இரண்டாக்கிவிட்டார்கள். போன வருஷம் பேங்க் லோனுக்கு வில்லங்கச் சான்று போட்டால் "செங்கல்பட்டு மாவட்டம்". நாலு பத்திரத்தையும் வரிசையாக மேசையில் வைத்துப் பார்த்த பேங்க் வக்கீல், இது ஒரே இடம்தானா என்று கேட்டார். சர்வே நம்பர் ஒன்று, பக்கத்துக் கிணறு ஒன்று, தெற்கே பனைமரம் ஒன்று. பனைமரத்தை மட்டும் வெட்டிவிட்டார்கள்.

ஓஎம்ஆர்ஆசாமி | செவ்வாய், மதியம் 1.05

நேற்று நான் சொன்னது தப்புதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் எனக்கு ஒரு ஆதங்கம். வேலைக்கு வருகிறோம், வரி கட்டுகிறோம், மெட்ரோ வேலை என்று ரோட்டைத் தோண்டிப் போட்டு வருஷக்கணக்கில் தூசி தின்கிறோம். படப்பைக்கும் கேளம்பாக்கத்துக்கும் மாநகரப் பேருந்து ஓடுகிறது. புறநகர் ரயில் செங்கல்பட்டு, அரக்கோணம் வரை, வடக்கே கும்மிடிப்பூண்டி தாண்டி சூலூர்பேட்டை வரை போகிறது, சூலூர்பேட்டை ஆந்திரா! ரயில்வேக்குத் தெரிந்த சென்னை ஆந்திராவைத் தொடுகிறது, ரெவின்யூவுக்குத் தெரிந்த சென்னை மேடவாக்கத்தைக்கூடத் தொடவில்லை. பெருநகரத்துக்கு ஒரே நிர்வாகம் வைத்தால் என்ன கெட்டுவிடும்?

மாம்பலம்பாலு | செவ்வாய், மதியம் 1.15

"சென்னைக்கு மிக அருகில்" என்று திண்டிவனத்தில் மனை விற்றவன் சந்தோஷப்படுவான்.

ஏரிக்கரை | செவ்வாய், மாலை 4.30

ஓஎம்ஆர் நண்பருக்கு என் பாதி ஓட்டு. சான்றிதழுக்கு அலைவது ஒரு நாள் தொல்லை. தண்ணீர் அப்படி இல்லை, கோடு எங்கே என்று அதற்குத் தெரியாது, அதனால் நமக்குத்தான் வருஷா வருஷம் தெரிகிறது.

இழை தொடங்கியவர் வீட்டுப் பக்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கீழ்க்கட்டளை ஏரி நிரம்பினால் உபரி நீர் கால்வாயில் கிழக்கே ஓடி நாராயணபுரம் ஏரிக்குப் போகிறது. அங்கிருந்து பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம். அங்கிருந்து ஒக்கியம் மடுவு, பக்கிங்காம் கால்வாய், அப்புறம் முட்டுக்காடு வழியாகக் கடல். இதில் கீழ்க்கட்டளை முன்பு பல்லாவரம் நகராட்சி, 2021-லிருந்து தாம்பரம் மாநகராட்சி. நடுவில் கோவிலம்பாக்கம் ஊராட்சி. நாராயணபுரம் ஏரியும் பள்ளிக்கரணையும் சென்னை மாநகராட்சி. சதுப்பு நிலம் வனத்துறை, 2022-ல் ராம்சார் என்ற சர்வதேச ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது. ஏரிகள் பொதுப்பணித்துறை, இப்போது நீர்வளத்துறை என்று பெயர். சில கிலோமீட்டர் ஓடும் ஒரு கால்வாய்க்கு எத்தனை அப்பன்! ஒருவர் தூர்வாரினால் அடுத்தவர் எல்லையில் போய் அடைத்துக்கொள்ளும். ஒரு மழைக்காலத்தில் ஜே.சி.பி. ஒன்று வாய்க்காலைச் சுத்தம் செய்துகொண்டே வந்தது, ஒரு சின்னப் பாலத்துக்கு முன்னால் நிறுத்திவிட்டார் ஓட்டுநர். ஏன் என்று கேட்டேன். "இதுக்கு அந்தாண்ட நம்ம ஏரியா இல்ல சார்." அந்தாண்ட ஆகாயத்தாமரை ஆள் உயரத்துக்கு நின்றது. எந்த உள்ளாட்சியின் வண்டி என்று நான் பார்க்கவும் இல்லை, சொல்லவும் மாட்டேன், மூன்றில் யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள்.

பெரிய அளவில் பார்த்தாலும் இதேதான். நகரத்துக்குக் குடிதண்ணீர் தரும் பூண்டி, சோழவரம் திருவள்ளூர் மாவட்டம். செம்பரம்பாக்கம் அன்றைக்கும் இன்றைக்கும் காஞ்சிபுரம் பக்கம். கிருஷ்ணா தண்ணீர் கண்டலேறிலிருந்து, அது ஆந்திரா. வீராணம் கடலூர் மாவட்டம். கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகள் ஒன்று வடக்கே காட்டுப்பள்ளி, அது திருவள்ளூர், மற்றவை தெற்கே நெம்மேலி, அது செங்கல்பட்டு. கூவம்கூட நம் ஊரில் பிறந்ததில்லை, கேசாவரம் அணைக்கட்டில் கொசஸ்தலையாற்றிலிருந்து பிரிந்து வருகிறது. அங்கே போய்ப் பாருங்கள், தெளிந்த தண்ணீர், கொக்கு நிற்கும். 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கத்தில் திறந்த தண்ணீர் அடையாற்றில் வந்து சைதாப்பேட்டையையும் கோட்டூர்புரத்தையும் ஜாபர்கான்பேட்டையையும் முழுக்கியது. ஏரி ஒரு மாவட்டம், மூழ்கியது இன்னொரு மாவட்டம். பெருநகர எல்லை பெரிதானதில் எனக்கு ஒரு நல்லது தெரிகிறது என்றால் அது இதுதான், ஆற்றின் தலையும் வாலும் ஒரே வரைபடத்தில் வந்திருக்கின்றன.

குப்பையையும் சொல்லியாக வேண்டும். பெருங்குடி கிடங்கு 2011-க்கு முன்னால் மாநகராட்சி எல்லைக்கு வெளியே. நகரத்துக் குப்பை மட்டும் நகரத்துக்கு முன்னாலேயே அங்கே போய்விட்டது.

பள்ளிக்கரணைபத்மா | செவ்வாய், மாலை 5.02

கடைசி வரிக்கு எங்கள் தெருவே எழுந்து நின்று கை தட்டும். காற்று திரும்பினால் இன்றைக்கும் துணி காயப்போட முடியாது.

கோவிலம்பாக்கம்மூர்த்தி | செவ்வாய், இரவு 8.15

நான் மேடவாக்கம்ரோடு அவர்களின் பக்கத்து ஊர்க்காரன்தான், ஒரே ஊராட்சி. எல்லாரும் சேர்க்கணும் சேர்க்கணும் என்கிறீர்கள். சென்னையோடு இணைத்தால் வீட்டு வரி எவ்வளவு ஏறும் என்று யோசித்தீர்களா? இப்போது பிரச்சினை என்றால் ஊராட்சித் தலைவர் வீட்டுக்கு நேராகப் போய்க் கதவைத் தட்டுகிறோம், தெருவிளக்கு மறுநாள் எரிகிறது. மாநகராட்சியில் வார்டு கவுன்சிலரைப் பார்க்கவே ஆள் பிடிக்க வேண்டும். இணைக்கப் போகிறார்கள் என்ற பேச்சு வருஷக்கணக்காக ஓடுகிறது, ஒவ்வொரு தடவையும் மனை விலை மட்டும் ஏறுகிறது.

மேடவாக்கம்ரோடு | செவ்வாய், இரவு 8.40

மூர்த்தி அண்ணே, தெருவிளக்கு சரி. கழிவுநீர் லாரிக்கு எங்கள் அடுக்குமாடியில் மாதா மாதம் கொடுக்கும் பணத்தைக் கணக்குப் போட்டால் அந்த வரி ஏற்றம் ஒன்றுமே இல்லை. தண்ணீர் லாரி தனி. நேற்று ராத்திரி ஒரு லாரி தண்ணீர் கொண்டுவந்தது, காலையில் ஒரு லாரி அதையே வேறு நிறத்தில் எடுத்துக்கொண்டு போனது. மடிப்பாக்கத்தில் பாதாளச் சாக்கடை வேலை நடக்கும்போது அவர்கள் திட்டினார்கள், நான் பொறாமைப்பட்டேன்.

கோவிலம்பாக்கம்மூர்த்தி | செவ்வாய், இரவு 8.52

தனி வீட்டுக்காரனுக்கும் அடுக்குமாடிக்காரனுக்கும் இதில் ஒத்துப்போகாது தம்பி. எங்களிடம் கிணறு இருக்கிறது.

ஏரிக்கரை | செவ்வாய், இரவு 8.58

அந்தக் கிணற்றுக்குப் பக்கத்திலேயே எத்தனை செப்டிக் டேங்க் இருக்கிறது என்றும் எண்ணிப் பாருங்கள் அண்ணே.

ரிட்டயர்டுஆர்ஐ | செவ்வாய், இரவு 9.10

சண்டை வேண்டாம். ஒரு விஷயம் சொல்கிறேன். கோவிலம்பாக்கம், மேடவாக்கம், பெரும்பாக்கம் எல்லாம் எந்த ஒன்றியத்தில் தெரியுமா? பரங்கிமலை ஊராட்சி ஒன்றியம். ஆனால் பரங்கிமலையே அந்த ஒன்றியத்தில் இல்லை! மலையடிவாரத்தில் கன்டோன்மென்ட், அது பரங்கிமலை–பல்லாவரம் கன்டோன்மென்ட் போர்டு, பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ். சென்னை மாவட்டத்துக்கு ஊராட்சி ஒன்றியம் என்று ஒன்றுகூடக் கிடையாது, தமிழ்நாட்டின் 38 மாவட்டத்தில் ஊரக உள்ளாட்சியே இல்லாதது சென்னை ஒன்றுதான். ஆனால் ஒன்றியத்தின் பெயர் மட்டும் சென்னைக்காரன் ஏறி இறங்கும் மலையின் பெயர். விமான நிலையத்துக்கு எதிரே ரயிலில் இறங்கினால் ஸ்டேஷன் பெயர் திரிசூலம். திரிசூலம் ஊராட்சி, பல்லாவரம் வட்டம், செங்கல்பட்டு மாவட்டம். வெளிநாட்டிலிருந்து வருகிறவன் "சென்னை வந்துவிட்டேன்" என்று அம்மாவுக்குப் போன் பண்ணும்போது கால் எங்கே வைத்திருக்கிறான் என்பதைக் கேட்காமல் இருப்பது நல்லது.

இன்னொரு எச்சரிக்கை. வருவாய்க் கோட்டாட்சியரையும் ஆர்.டி.ஓ. என்பார்கள், வண்டிப் பதிவு செய்யும் இடத்தையும் ஆர்.டி.ஓ. ஆபீஸ் என்பார்கள். பிறப்பைப் பதிய ஒரு வருஷத்துக்கு மேல் தாமதமானால் போக வேண்டியது முதல் ஆர்.டி.ஓ.விடம். என் காலத்தில் ஒரு பெரியவர் பேரனின் பிறப்புச் சான்றுக்காக வண்டி ஆபீசில் ஒரு பகல் முழுக்க வரிசையில் நின்றிருக்கிறார். கடைசியில் கவுன்ட்டரில் லைசென்ஸ் இருக்கா என்று கேட்டிருக்கிறார்கள், "புள்ளைக்கு ஒன்றரை வயசுதாங்க" என்று சொல்லியிருக்கிறார்.

அம்பத்தூர்லேத் | செவ்வாய், இரவு 9.25

சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணி வந்துடுச்சு ஐயா.

திருத்தணிக்காரி | புதன், காலை 10.10

எங்கள் ஊர் பற்றி யாரும் பேசவில்லையே. நாங்கள் திருவள்ளூர் மாவட்டம், ஆனால் தமிழ்நாட்டுக்குள் வந்ததே 1960 ஏப்ரலில்தான். அதுவரை ஆந்திராவின் சித்தூர் ஜில்லா. எங்கள் பாட்டி கல்யாணம் ஆகி வந்தது ஆந்திராவுக்கு, பிள்ளை பெற்றது தமிழ்நாட்டில், வீடு மாறவே இல்லை. 1953-ல் ஆந்திரா பிரிந்தபோது சென்னையையே கேட்டார்கள் என்று பாட்டி சொல்வார். நீங்கள் மடிப்பாக்கமா கோவிலம்பாக்கமா என்று பேசுவதைப் பார்த்தால் பாட்டி ஞாபகம் வருகிறது.

கல்வெட்டுக்கிறுக்கன் | புதன், காலை 10.35

ஆமாம் அம்மா, "மதராஸ் மனதே", அதாவது மதராஸ் நம்முடையதே என்று தெலுங்கில் கோஷம் போட்டார்கள். ம.பொ.சி. வடக்கெல்லைப் போராட்டம் நடத்தியது அதனால்தான். திருப்பதி அங்கே போனது, திருத்தணி இங்கே வந்தது. உங்கள் பாட்டி சொன்னதையெல்லாம் எங்காவது எழுதி வையுங்கள், இந்தக் கதைக்குத் தனி இழையே போடலாம்.

ஓஎம்ஆர்ஆசாமி | வியாழன், இரவு 7.50

மேடவாக்கம்ரோடு, என்ன ஆயிற்று? சான்றிதழ் வந்ததா?

மேடவாக்கம்ரோடு | அடுத்த புதன், இரவு 9.05

மன்னிக்கணும், அலைச்சலில் எழுத முடியவில்லை. ஆர்ஐ ஐயா சொன்னபடி செங்கல்பட்டு என்று போட்டேன், பட்டியலில் ஊர் பெயர் உடனே வந்தது. வி.ஏ.ஓ. ஒருநாள் போன் பண்ணி, வீட்டுக்கு எதிரே பிள்ளையார் கோவில் இருக்கிறதா, வாடகையா சொந்தமா என்று கேட்டார். ஐந்தாம் நாள் சான்று வந்துவிட்டது. அதைப் பள்ளிக்குக் கொண்டுபோனேன். முகவரியில் "சென்னை", அதற்குக் கீழே "செங்கல்பட்டு மாவட்டம்" என்று இரண்டும் அச்சாகியிருந்தது. பள்ளி ஆபீசில் இருந்த அம்மா கண்ணாடியை மேலே ஏற்றி இரண்டையும் பார்த்தார். "இதுல எதை சார் போடுறது?" என்றார். செங்கல்பட்டு என்றேன். அவர் கம்ப்யூட்டரில் தேடினார், அந்தப் பட்டியலில் காஞ்சிபுரம்தான் இருக்கிறதாம், செங்கல்பட்டை இன்னும் சேர்க்கவில்லையாம். அதையே போட்டுவிட்டார்.

டீக்கடைக்காரரையும் கேட்டேன். கடை மடிப்பாக்கம், பெஞ்ச் கோவிலம்பாக்கம் என்றார்.